ஆரஞ்சு மூடி ஊசி

ஜொஹராவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பிரியம் அப்புறம்தான் வரும். காரைக்காலில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து பல வருடம் ஓட்டியிருக்கிறோம். நான் நீலாயதாட்சி, உடற்கூறு எடுக்கிறவள். அவள் நர்சிங் அடிப்படைப் பாடங்கள் எடுக்கிறவள்.

நான் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். அவள் கடைத்தெருவை ஒட்டிய சந்திலிருந்து நடந்தே வருவாள். அந்த வீடு அவள் பெயரில் இருக்கிறது. இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். மாப்பிள்ளை நெய்னா முகம்மது அப்படி வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வந்து போவார்.

ஜொஹரா பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போவாள். வார்டிலும் அப்படித்தான். மருந்து எடுக்கும்போது ஒருமுறை, ஊசியில் ஏற்றும்போது ஒருமுறை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று லேபிளைப் படிக்கச் சொல்லி மாணவிகளின் உயிரை எடுப்பாள். "இவங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறதுக்குள்ள நோயாளி போய்ச் சேந்துடுவான்" என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

எங்கள் மாணவிகளில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். நெல் விளையும் கிராமத்துப் பிள்ளைகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பாடப் புத்தகமோ ஆங்கிலத்தில். ஒரு நோயின் அறிகுறிகளைக் கேட்டால் ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். நான் இதையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டவள். ஜொஹராவுக்குப் பழகவே இல்லை.

எங்கேயோ தேடி, வெளிநாட்டு நர்சிங் புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அங்கே சில பேராசிரியர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பொது உரிமத்தில் விட்டிருந்தார்கள். அவள் முதலில் நம்பவில்லை. அவர்களுக்கே எழுதிக் கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் அதேபோல் விட்டால் போதும் என்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ சீதனம் வந்தவள் மாதிரி இருந்தாள்.

அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் எழுதினாள். மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். எழுத எழுத இணையத்தில் போட்டாள், யாரிடமும் பைசா வாங்காமல். கடைசிப் பக்கத்தில் தன் பெயரும் ஊரும் மின்னஞ்சலும் போட்டு, 'இது எல்லாருக்கும் சொந்தம். எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள். பிழை கண்டால் எனக்கும் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

"ராப்பகலா உக்காந்து எழுதி, சும்மா தூக்கிக் குடுக்கறியே. ஒனக்கு என்ன கெடைக்குது?" என்று கேட்டேன்.

"காலேஜுப் படிப்புங்கறது வேலி போட்ட தோட்டமா அக்கா? ஊர் வாய்க்கால் மாதிரி இருக்கணும். யாரு வேணா பாய்ச்சிக்கிடணும்."

"பாய்ச்ச எல்லாரும் வருவான். தூர் வார எவன் வருவான்?"

"வருவாங்க, பாருங்க" என்றாள். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வாய்க்கால் வெட்டுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஊரில் சொல்லி அனுப்பினால், யார் வீட்டுக்காரருக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்து இடுப்பு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மேலே பேசவில்லை.

புத்தகம் நன்றாகவே பரவியது. தூத்துக்குடி, ராமநாதபுரம், சேலம் என்று எங்கெங்கோ இருந்து நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து மாணவிகளை மறுபடி பயிற்சிக்கு அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்துப் போயிருந்தோம். நானும் அதே வார்டில் இருந்தேன். விஷ்ணுப்ரியா என்ற இரண்டாம் ஆண்டு மாணவி, வேலையில் சுத்தமானவள், சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போடத் தயாரானாள். குப்பியை எடுத்தாள். ஊசியை எடுத்தாள். ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம்.

விஷயம் இதுதான். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு நூறு யூனிட் உள்ள மருந்தும் உண்டு. அதற்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. குப்பியில் போட்டிருக்கும் எண்ணும் ஊசியில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பது குப்பியில் ஆரஞ்சு மூடி ஊசியை விட்டு உறிஞ்சினால், ஊசியில் இருபது யூனிட் என்று காட்டும். உடம்புக்குள் போவது எட்டுதான்.

ஜொஹரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா இந்த ஊசியை எடுத்தே?"

"நோட்ஸ்ல அப்படித்தானே மேம் இருக்கு. இன்சுலின்னா நூறு யூனிட், ஆரஞ்சு மூடின்னு."

"யாரு நோட்ஸ்ல?"

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "உங்க நோட்ஸ்லதான் மேம்."

ஜொஹரா போனை எடுத்துத் தேடினாள். அந்த வாக்கியம் இருந்தது, அவளுடைய தமிழிலேயே, அழகாக. புத்தகம் எழுதியவர்களின் நாட்டில் நூறு யூனிட் மருந்துதான் புழக்கம். அவர்கள் ஊருக்கு அவர்கள் எழுதியது சரி. இவள் அதை அப்படியே இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாற்பதும் சிவப்பும் இவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனாலேயே கண் அந்த வரியில் நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறது.

அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு மூடி ஊசி எடுத்து, சரியாகப் போட்டார்கள். ஜொஹரா வார்டு வராந்தாவில் நின்றபடியே இணையத்தில் இருந்ததைத் திருத்தினாள். சேமித்த பிறகும் மூன்று முறை படித்துப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்ட இல்ல? விடு" என்றேன்.

"இதைச் சரி பண்ணிட்டேன் அக்கா. ஏற்கெனவே எறக்கிட்டுப் போனதை என்னா பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கொடுக்கும்போது யார் யார் வாங்கினார்கள் என்று எழுதி வைத்தா கொடுத்தாள்? யாரும் எடுக்கலாம் என்றால், யார் எடுத்தார்கள் என்று யாருக்குமே தெரியாது என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு எதிரே இருக்கும் செந்தில்குமார் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எங்கள் பிள்ளைகள் யாரும் இணையத்துக்குப் போய்ப் படிப்பதில்லை. சீனியர் வைத்திருக்கும் பிரதியை வாங்கி ஜெராக்ஸ் போடுவார்கள். அதற்கும் சோம்பல் என்றால் கடையிலேயே 'மாஸ்டர்' என்று ஒரு பிரதி இருக்கும். கேட்டவர்களுக்கு அதிலிருந்து போட்டுத் தருவார். திருத்தம் எல்லாம் அந்த மாஸ்டருக்கு ஒருநாளும் வந்து சேராது.

செந்தில்குமார் மாஸ்டரை எடுத்துக் கொடுத்தார். ஜொஹரா அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் சரியானதை எழுதினாள். பிறகு கடைசியில் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள்.

"கடைசிப் பக்கம் எங்கங்க?"

"அதுவா மேடம்? அது ஒத்தப் பக்கமா நிக்குது. முன்னும் பின்னும் போடறப்ப அது ஒண்ணுக்காவ தனியா ஒரு தாள் போவுது. பாடமும் இல்ல அதுல. அதான் ஆரம்பத்துலேயே எடுத்துட்டேன். இங்கேருந்து நாகப்பட்டினம், கும்பகோணம் எல்லாம் போனது இதுதான். பிள்ளைவளுக்குக் காசு மிச்சம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையையே கொளுத்தியிருப்பேன். "அதுலதாங்க எழுதுனவங்க பேரே இருக்கு! பிழை இருந்தா சொல்லச் சொல்லி அதுலதானே எழுதியிருக்கு!" என்று கத்தினேன். அவர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். புத்தகத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் சொல்லலாம் என்பது அவர் கேள்விப்படாத விஷயம். நாம் யார்தான் கேள்விப்பட்டோம்? அச்சில் இருப்பதைத் திருத்தலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜொஹராவுக்குக் கோபம் வரவில்லை. கடைவாசலில் இருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யாராவது கண்டுபிடிச்சிருந்தாலும் என்கிட்ட எப்படி அக்கா சொல்லியிருப்பாங்க?" என்றாள்.

மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். சண்முகசுந்தரம் ஐயா கெட்டவர் இல்லை. கல்லூரியை நிலத்தை விற்றுக் கட்டியவர். அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்பவர். வார்டில் நடந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன்.

"ஒக்காருங்க மேடம். மொத்தமா எடுத்துடுங்க. இருந்த தடமே இருக்கக் கூடாது" என்றார்.

"எடுத்தா வெளியில போன பிரதி எல்லாம் அப்படியேதானே சார் இருக்கும்? அது தப்புன்னு நான் எல்லாருக்கும் சொல்லணும்."

"யாருக்கு? ஊருக்கா? காரைக்கால்ல இன்ன காலேஜ் டீச்சர் மருந்து அளவைத் தப்பா எழுதிக் குடுத்தாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். இன்ஸ்பெக்ஷன் வர்ற நேரம். அட்மிஷனுக்கு எவன் வருவான்? நீங்க எழுதச் சொல்லி நான் கேட்டனா? ஒங்க கான்ட்ராக்ட் வேற முடியப் போவுது. நான் புதுப்பிச்சுக் குடுக்கணும்னு நெனைக்கிறேன். எனக்குச் சங்கடம் குடுக்காதீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. ஜொஹரா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். சரி, எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எடுத்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். ஷார்ஜாவில் நெய்னா முகம்மதுக்கும் வேலை ஆட்டம் கண்டிருந்தது. மகள் ஆஃப்ரின் பன்னிரண்டாவது படிக்கிறாள். வீடு சொந்தம் என்றாலும் சுவரைச் சுரண்டியா சாப்பிட முடியும்?

அன்று மாலை என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். போனபோது புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"எடுத்துடு புள்ள. சொல்றதைக் கேளு. எதுக்கு வம்பு?"

"எடுத்துட்டா என்னா ஆவும் தெரியுமாங்க? இப்ப சரியா இருக்கற ஒரே பிரதி நான் திருத்துனதுதான். அதை எடுத்துட்டா தப்பு மட்டும்தான் ஊர்ல சுத்தும்."

அதற்கு அவர், "அல்லாஹ் காப்பாத்துவான். ஒனக்கு எது மனசுக்குப் படுதோ செய்யி" என்றார்.

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போனை என் கையில் கொடுத்தாள். நான் படம் பிடித்தேன். "நான் காரைக்கால் ஜொஹரா. நர்சிங் அடிப்படைகள்னு தமிழ்ல ஒரு புத்தகம் உங்க கையில இருக்கலாம். அதுல என் பேரு இல்லாமலும் இருக்கலாம். அதை எழுதுனது நான்தான். இன்சுலின் பாடத்துல நான் தப்பா எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தாள். இரண்டு குப்பியையும் இரண்டு ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். குப்பியின் எண்ணைப் பார்த்து அதற்கு ஏற்ற ஊசியை எடுக்கச் சொன்னாள். தன் போன் நம்பரைச் சொன்னாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லி முடித்தாள். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை.

என் வாழ்க்கையில் இவ்வளவு தைரியமான ஒன்றை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. "நல்லாத்தான் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் பழைய மாணவிகள் குழுவில் போட்டோம். அங்கிருந்து கிளம்பியது. கடைமடைக்காரர்கள் நாங்கள், மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் வயலுக்கு வருவதற்குள் எத்தனை மதகு, எத்தனை சண்டை என்று தெரியும். இந்தச் செய்தி எங்கே போய் நிற்குமோ என்று இருவருமே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதில்கள் வர ஆரம்பித்தன. ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவன் திட்டியிருந்தான். நீயெல்லாம் டீச்சரா என்று ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ் ஒருவர் குரலில் பேசி அனுப்பியிருந்தார்: "மேடம், இதை நாங்க போன வருஷமே பார்த்துட்டோம். எங்க காப்பியில எல்லாம் அடிச்சுட்டு நாப்பதுன்னு எழுதி வெச்சிருக்கோம். யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. பேரே இல்லையே புத்தகத்துல."

ஜொஹரா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களா அக்கா? தூர் வாரத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க முடியவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி மறுநாள் முற்பகல் வரைக்கும்தான். வகுப்பு முடிந்து நான் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது ஜொஹராவின் போன் அடித்தது. கருக்களாச்சேரியிலிருந்து ஒரு பெண். பெயர் நித்யஸ்ரீ. எங்கள் மாணவி இல்லை. நர்சிங் படிக்க ஆசைப்பட்டு, புதுச்சேரி ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல், தனியாரில் கட்ட வசதியில்லாமல் வீட்டில் இருப்பவள். யாரிடமோ ஜெராக்ஸ் வாங்கி ஜொஹராவின் புத்தகத்தைத் தானாகவே படித்தவள். அதை வைத்து அப்பாவுக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது கேட்டது அவள் அழுகைதான்.

"மேடம், உங்க வீடியோ பாத்தேன். காலைல சிவப்பு மூடி வாங்கிட்டு வந்து நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டேன். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. கை எல்லாம் உதறுது. என்னென்னமோ பேசுறாரு."

ஜொஹராவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் வார்டில் இருக்கும் குரல். "முழிச்சிருக்காரா? முழுங்க முடியுதா?"

"முடியுது."

"மூணு நாலு ஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே குடுங்க. கண்ணு சொருவிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. டாக்டர் எவ்வளவு போடச் சொல்லியிருக்காரு? முன்னாடி எவ்வளவு இருந்துது?"

அவள் சொல்லச் சொல்ல ஜொஹரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. ஆரஞ்சு மூடி ஊசியால் போட்டதால் மாதக்கணக்கில் அந்த மனிதருக்குள் பாதி மருந்துகூடப் போகவில்லை. சர்க்கரை இறங்கவில்லை. இறங்கவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஏற்றிய அந்த அளவு முழுவதும் இன்று காலை முதல்முறையாகச் சரியான ஊசியில் உள்ளே போயிருக்கிறது. தப்பைத் திருத்தச் சொன்னோம். திருத்தியதுதான் ஆளைச் சாய்த்திருக்கிறது.

"அக்கா, வண்டியை எடுங்க" என்றாள்.

தலத்தெரு தாண்டி நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடி, "பேசிக்கிட்டே இருங்க, அவரைத் தூங்க விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே ஏதோ ஓதினாள். நானும் எனக்குத் தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. முத்தையன் என்ற அந்த மனிதர் சட்டையில்லாமல், உடம்பெல்லாம் நனைந்து, சுவரில் சாய்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் பாதி உள்ளேயும் பாதி மார்பிலும். கண் திறந்திருந்தது. அவரை ஏற்றினார்கள். ஜொஹராவும் கூடவே ஏறினாள்.

எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் அதே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு அவருக்குப் பேச்சு தெளிந்தது. ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். பிழைத்துக்கொண்டார் என்று எனக்கு மூச்சு வந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் ஓ.பி. சீட்டுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊசியை மாத்தச் சொன்னது யாரு?"

நித்யஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லக்கூடாது என்றே நின்றாள். சுற்றி வெள்ளை உடையில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள், விஷ்ணுப்ரியா உட்பட. ஜொஹரா பேசாமல் இருந்திருக்கலாம். அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நானே அவள் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"நான்தான் சொன்னேன் டாக்டர். அதுக்கு முன்னாடி தப்பான ஊசியை எழுதிக் குடுத்ததும் நான்தான்."

"நீங்க யாருங்க?"

பெயரைச் சொன்னாள். இந்த முறை கல்லூரியின் பெயரையும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. "ஊசியை மட்டும் தனியா மாத்தக் கூடாதுங்க. அளவைக் குறைக்காம ஊசியை மாத்தினா இப்படித்தான் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புது அளவை எழுதினார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வராந்தாவுக்கு வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனை வெளியே எடுத்தாள்.

"எடுத்துடறேன் அக்கா. எல்லாத்தையும் எடுத்துடறேன். எனக்கு இந்தத் தகுதி கெடையாது. நாலு சுவத்துக்குள்ள நாப்பது பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கணும்."

நித்யஸ்ரீ எதிரே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இவளை அடிக்கக்கூட உரிமை இருந்தது. "மேடம், எடுத்துட்டீங்கன்னா நான் எதை வெச்சுப் படிக்கிறது?" என்றாள்.

ஜொஹரா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீடியோவைப் பாத்துட்டு வேற யாராவது இன்னைக்குச் சாயங்காலம் ஊசியை மாத்துவாங்க. உடனே இன்னொண்ணு போடணும். நான் சொல்றேன். நீங்க கேட்டுட்டு, சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்றாள்.

பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் காட்டினாள். 'மருத்துவரை அணுகி அளவைச் சரிபார்த்துக்கொள்ளவும்' என்ற இடத்தில் நித்யஸ்ரீ நிறுத்தினாள்.

"அப்படிச் சொன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இருந்துடுவாங்க மேடம். நானே இருந்திருப்பேன். 'நீங்களா ஊசியையும் மாத்தாதீங்க, அளவையும் மாத்தாதீங்க. குப்பியையும் ஊசியையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க'ன்னு சொல்லுங்க. வேர்த்துக் கொட்டினா என்ன பண்ணணும்னும் சொல்லுங்க."

ஜொஹரா அப்படியே மாற்றிச் சொன்னாள். நித்யஸ்ரீ படம் பிடித்தாள். அனுப்பினோம்.

சாயங்காலமே தாளாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர் குரலும் நடுங்கியது என்று ஜொஹரா சொன்னாள். இப்போது அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். எனக்கு அவளிடம் பேசத் தோன்றுவதில்லை.

புத்தகம் இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலிலிருந்து மறுபடி பார்க்கிறார்கள். தூத்துக்குடி நர்ஸ் பார்க்கிறார், வேறு சிலர் பார்க்கிறார்கள், கடைசியாக நித்யஸ்ரீ படித்துப் புரிகிறது என்று சொன்னால்தான் வெளியே போகிறது. பெயரும் நம்பரும் இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது. செந்தில்குமார் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அது போகாது.

ஆனால் முதல் வீடியோ போன வீடுகளுக்கெல்லாம் இரண்டாவதும் போய்ச் சேர்ந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் விடுமுறை நாட்களில் அவள் வீட்டுக்குப் போகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். யார் என்று கேட்க மாட்டாள், ஸலாம் சொல்ல மாட்டாள். எடுத்தவுடனே, "சொல்லுங்க, ஆளு முழிச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்கிறாள்.